கஷ்டமான மைதானம் வேறு, கைநழுவிப்போன மைதானம் வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரிய கால்ஃப் போட்டிகளுக்காக மைதானங்களை அநியாயத்துக்குக் கடினமாக்குகிறார்கள் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். "கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறவர்கள் கொஞ்சம் கஷ்டப்படட்டுமே" என்று அதற்கு ஒரு வாசகர் எழுதிய பதிலையும் படித்தேன். இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றாலும் தடுக்கி விழுந்த இடம் ஒன்றுதான். ஜெயித்தவரின் ஸ்கோரை, அதாவது எல்லாக் குழிகளையும் முடிக்க அவர் எத்தனை அடி அடித்தார் என்ற கணக்கை (குறைவாக அடித்தவரே ஜெயிப்பார்), பார்த்து மைதானம் நியாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்த ஸ்கோரை வைத்துக்கொண்டு ஒன்றுமே சொல்ல முடியாது என்பதுதான் என் வாதம்.

2004 யு.எஸ். ஓபனை எடுத்துக்கொள்ளுங்கள். ஷின்னகாக் ஹில்ஸ் மைதானம். ஜெயித்த ரெட்டீஃப் கூசன் பாருக்கு, அதாவது மைதானத்துக்கென்று நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கைக்கு, 4 கீழே முடித்தார், இரண்டாவது வந்த ஃபில் மிக்கல்சன் 2 கீழே. தாளில் மட்டும் பார்த்தால் யு.எஸ். ஓபனுக்கு இது சாதாரணமான, கொஞ்சம் தாராளமான ஸ்கோர் என்றுகூடத் தோன்றும். ஆனால் கடைசி நாளில் நடந்தது வேறு. பார் 70 உள்ள மைதானத்தில் அன்றைய சராசரி 78-க்கும் மேலே போனது, ஒரே ஒருவர்கூட அன்று பாருக்குக் கீழே ஆடவில்லை. ஏழாவது குழியின் கிரீன், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, அவ்வளவு காய்ந்து போய்விட்டது, முதலில் வந்த குழுக்களின் பந்து அதில் நிற்கவே மாட்டேன் என்று ஓடியது. அதைப் பார்த்துவிட்டு நிர்வாகிகள் நடுவில் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார்கள். அதாவது காலையில் அந்தக் குழியை ஆடியவர்களுக்கு ஒரு கிரீன், பிறகு வந்தவர்களுக்கு வேறொரு கிரீன், அதுவும் ஒரே போட்டியில், ஒரே நாளில்.

இப்போது 2025-க்கு வாருங்கள். ஓக்மான்ட் மைதானம், ரஃப் என்கிற ஓரத்துப் புல் ஐந்து அங்குல உயரம், கிரீன்கள் கண்ணாடி மாதிரி. ஜெயித்த ஜே.ஜே. ஸ்பான் மட்டும்தான் பாருக்குக் கீழே முடித்தார், அதுவும் ஒன்றே ஒன்று. ஸ்கோரை மட்டும் பார்த்தால் 2004-ஐ விட இதுதான் கொடுமை. ஆனால் ஓக்மான்ட் என்றைக்குமே அப்படித்தான், வருகிறவர்கள் அது தெரிந்துதான் வருகிறார்கள். அந்த வாரம் புலம்பல் இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. ஆனாலும் நன்றாக அடித்தவன் பந்து நின்றது, சுமாராக அடித்தவன் பந்து நிற்கவில்லை. எனக்கு அது போதும். கஷ்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி விழுந்தால் அதற்குப் பெயர் பரீட்சை.

ஆகவே என் அளவுகோல் எளிது. நல்ல அடிக்கு நல்ல பலன் கிடைக்கிறதா? காலையில் ஆடுகிறவரும் மதியம் ஆடுகிறவரும் ஏறக்குறைய ஒரே மைதானத்தைப் பார்க்கிறார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஜெயித்தவர் பாருக்கு 10 மேலே முடித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்த அளவுகோலில் சுத்தமாகத் தோற்றது 2018. அதே ஷின்னகாக், அதே யு.எஸ். ஓபன், பதினாலு வருடம் கழித்து. சனிக்கிழமை காலையில் ஆடிய டோனி ஃபினாவும் டேனியல் பெர்கரும் ஆளுக்கு 66 அடித்தார்கள். அவர்கள் இருவரும் அன்று ஆட ஆரம்பித்தபோது முதலிடத்துக்கு 11 அடி பின்னால், 45-வது இடத்தில் இருந்தவர்கள். மதியம் காற்று ஏறியது, கிரீன் காய்ந்தது, முன்னணியில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிந்தார்கள். நான்கு அடி முன்னிலையோடு தொடங்கிய டஸ்டின் ஜான்சன் 77 அடித்தார். மாலையில் பார்த்தால் காலையில் எழுந்து ஆடி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்த அந்த இருவரும் ஜான்சனோடும் ப்ரூக்ஸ் கெப்காவோடும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்! ரிக்கி ஃபவுலர் அன்று 84 அடித்தார். மறுநாள் கிரீனுக்குத் தண்ணீர் காட்டி மெதுவாக்கினார்கள், அதே ஃபவுலர் 65 அடித்தார், டாமி ஃப்ளீட்வுட் 63 அடித்து ஒரே அடியில் கோப்பையைத் தவறவிட்டார். ஒரு மனிதர் சனிக்கிழமை 84, ஞாயிற்றுக்கிழமை 65 என்றால் ஒரே ராத்திரியில் அவர் ஆட்டம் 19 அடி முன்னேறிவிட்டதா என்ன?

அன்றுதான் மிக்கல்சன் பதின்மூன்றாவது கிரீனில் தன் பந்து குழியைத் தாண்டி ஓடுவதைப் பார்த்து, பின்னாலேயே ஓடிப்போய், உருண்டுகொண்டிருந்த பந்தையே திருப்பி அடித்தார். இரண்டு அடி அபராதம், அந்தக் குழியில் மொத்தம் 10. அன்று அவருக்கு 48-வது பிறந்த நாள் வேறு. அவர் செய்தது சரியென்று நான் சொல்ல மாட்டேன், விதியைக் கேலி செய்தது மாதிரிதான் இருந்தது, ஆனால் அவ்வளவு அனுபவமுள்ள ஒருவருக்கு அப்படித் தோன்றும் நிலைக்கு மைதானத்தைக் கொண்டுபோய் விட்டவர்களையும் இரண்டு வார்த்தை கேட்க வேண்டாமா? போட்டியை நடத்திய அமெரிக்க கால்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ.யின் தலைமை அதிகாரி மைக் டேவிஸ் அன்று மாலையே, நன்றாக அடித்த சில அடிகளுக்குப் பலன் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். 2004-லேயே அதே மைதானத்தில் பட்ட பாடு மறுபடி எப்படி வந்தது என்பதுதான் புரியாத விஷயம்.

புரியாத விஷயம் என்று சொன்னேனே தவிர, காரணம் ஓரளவு தெரிந்ததுதான். கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. மூன்று அடி நீளமுள்ள ஒரு பட்டை, அவ்வளவுதான், அதன் மேலிருந்து பந்தை உருளவிட்டு எத்தனை அடி தூரம் போய் நிற்கிறது என்று பார்ப்பார்கள். 1935-ல் ஓக்மான்ட்டில் நடந்த யு.எஸ். ஓபனில் ஜீன் சரசென் தட்டிய பந்து கிரீனை விட்டே ஓடியதைப் பார்த்துதான் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் இதைச் செய்தார். கிரீன்கள் எல்லாம் ஒரே சீரான வேகத்தில் இருக்கின்றனவா என்று சரிபார்க்கத்தான் எழுபதுகளின் கடைசியில் இதைப் பராமரிப்பாளர்கள் கையில் கொடுத்தார்கள். இப்போது என்ன ஆகிவிட்டது என்றால், எங்கள் கிரீன் 13, எங்கள் கிரீன் 14 என்று பெருமையடித்துக்கொள்ளும் எண்ணாக மாறிவிட்டது.

சிக்கல் வேகத்தில் மட்டும் இல்லை, வேகமும் சரிவும் சேரும்போது வருகிறது. பழைய மைதானங்களின் கிரீன்கள் மெதுவான புல்லை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. புல் கொஞ்சம் உயரமாக இருந்த காலத்தில் அந்தச் சரிவுகள் பந்தை வளைத்துவிடும், ஆனாலும் பந்து எங்காவது நிற்கும். அதே சரிவில் புல்லை மில்லிமீட்டர் கணக்கில் ஒட்ட வெட்டி, உருளை போட்டு அழுத்தி, தண்ணீரையும் நிறுத்திவிட்டால் ஒரு கட்டத்தில் பந்து நிற்கவே நிற்காது. அந்தக் கட்டம் மெதுவாக வருவதில்லை. காலை ஏழு மணிக்கு எல்லைக்குள் இருக்கிற கிரீன், வெயிலும் காற்றும் ஈரத்தை இழுத்த பிறகு மதியம் இரண்டு மணிக்கு எல்லை தாண்டிவிடும். 1998 யு.எஸ். ஓபனில், ஒலிம்பிக் கிளப்பில், பதினெட்டாவது கிரீனில் குழியைக் காட்டும் கொடியைச் சரிவில் நட்டுவிட்டார்கள். பெய்ன் ஸ்டூவர்ட் பக்கத்திலிருந்து தட்டிய பந்து குழியைத் தொட்டும் தொடாமலும் தாண்டி, நின்றுவிடும் நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருண்டு உருண்டு, தட்டிய தூரத்தை விட அதிக தூரம் கீழே போனது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தக் கொடி இருந்த இடத்தில் திறமைக்கு வேலையே இல்லை.

பிரிட்டிஷ்காரர்கள் நடத்தும் தி ஓபன் போட்டியில் இந்த விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் விவேகம் உண்டு. கடற்கரைக் காற்று எந்நேரமும் அடிக்கும் என்று தெரிந்தே கிரீன்களை மெதுவாக வைத்திருப்பார்கள். அப்படியும் 2015-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் காற்று பந்தைத் தானாக நகர்த்த ஆரம்பித்ததால் சனிக்கிழமை ஆட்டத்தை நிறுத்திவைத்துத் திங்கட்கிழமை வரை இழுக்க வேண்டிவந்தது. அதே மைதானத்தில் 2022-ல் கேமரன் ஸ்மித் பாருக்கு 20 கீழே முடித்து ஜெயித்தார். அதனால் அந்தக் கோப்பையின் மதிப்பு குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. அவர்களும் உத்தமர்கள் இல்லை, 1999-ல் கார்னூஸ்டியில் ஃபேர்வேயை, அதாவது பந்து விழ வேண்டிய நடுப்பாதையை, ஒற்றையடிப் பாதை மாதிரி ஆக்கி இருபுறமும் புல்லைக் காடாக வளரவிட்டார்கள், பத்தொன்பது வயது செர்ஜியோ கார்சியா முதல் நாளே 89 அடித்தார், பாருக்கு 6 மேலே முடித்தவர்கள்தான், சமமாக நின்றவர்கள் ஆடும் கூடுதல் ஆட்டமான ப்ளேஆஃபுக்கே போனார்கள்.

அப்புறம் இந்த ரஃப் விவகாரம். புல்லை வளர்த்து ஃபேர்வேயைச் சுருக்கினால் துல்லியமாக அடிப்பவர் பிழைப்பார், கண்மண் தெரியாமல் தூரம் அடிப்பவர் மாட்டுவார் என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2020 யு.எஸ். ஓபனில், விங்ட் ஃபுட் மைதானத்தில் என்ன நடந்தது? ப்ரைசன் டிஷாம்போ நான்கு நாளில் 56 ஃபேர்வேக்களில் 23-ல்தான் பந்தை விழவைத்தார். பாதிக்கும் கீழே. ஆனாலும் பாருக்கு 6 கீழே முடித்து, ஆறு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார், அவரைத் தவிர வேறு யாரும் பாருக்குக் கீழே வரவில்லை. ஏன்? ஃபேர்வே அவ்வளவு குறுகலாக இருந்தால் துல்லியமாக அடிப்பவருக்கும் அடிக்கடி தவறும். எல்லோரும் புல்லுக்குள்தான் என்று ஆகிவிட்டால், கிரீனுக்குப் பக்கத்தில் புல்லுக்குள் இருப்பவன் கையில் சின்ன இரும்பு மட்டை, தூரத்தில் புல்லுக்குள் இருப்பவன் கையில் பெரிய மட்டை. யாருக்கு லாபம்? யாரைத் தண்டிக்கப் புல் வளர்த்தார்களோ அவருக்கே பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. டிஷாம்போவின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்தக் கணக்கைப் போட்டி தொடங்கும் முன்பே போட்டு வைத்திருந்தார், மனுஷன் கெட்டிக்காரர்.

ரஃப் இன்னொன்றையும் கொன்றுவிடுகிறது. மரத்தடியிலிருந்து, மண் திட்டிலிருந்து, இது எப்படிடா வெளியே வரும் என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஆட்டக்காரர் செய்து காட்டும் மாயம் இருக்கிறதே, கால்ஃபில் டிக்கெட் வாங்கிப் பார்க்கத் தகுந்தது அதுதான். ஐந்து அங்குலப் புல்லில் அதற்கெல்லாம் இடமில்லை. பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டிவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அதிலும் புல்லின் மேலே உட்கார்ந்த பந்து ஒருவருக்கு, அதே இடத்துக்கு ஓர் அடி தள்ளி வேருக்குள் புதைந்த பந்து இன்னொருவருக்கு. அந்த ஓர் அடியில் திறமை எங்கே இருக்கிறது?

புல்லே வளர்க்காமல் கஷ்டப்படுத்த முடியாதா என்றால், தாராளமாக முடியும். பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தில் பழைய ரஃபை எல்லாம் எடுத்துவிட்டு, 2011 வாக்கில் மணலும் காட்டுப் புதர்ப்புல்லுமாகப் பழையபடி மாற்றினார்கள். அகலமான ஃபேர்வே, ஆனால் கிரீன் ஒவ்வொன்றும் ஆமை ஓடு மாதிரி, சரியான பக்கத்திலிருந்து வராத பந்தை ஓரத்துக்கு வழித்துவிடும். 2014 யு.எஸ். ஓபனில் மார்ட்டின் கைமர் பாருக்கு 9 கீழே ஜெயித்தார் என்றாலும் அவரைத் தவிர இரண்டே பேர்தான் பாருக்குக் கீழே முடித்தார்கள். அடுத்த வாரமே அதே மைதானத்தில் பெண்கள் ஓபன், மிஷெல் வீ பாருக்கு 2 கீழே ஜெயித்தார், வேறு யாரும் பாருக்குக் கீழே இல்லை. அங்கே ஆடியவர்கள் திணறினார்கள், தலையைச் சொறிந்தார்கள், ஆனால் அடுத்த அடியை யோசிக்க ஒவ்வொருவருக்கும் வழி இருந்தது.

பெண்கள் போட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் கட்டுரையில் அதைத் தொடவே இல்லை. பெண் ஆட்டக்காரர்களின் பந்து பொதுவாக ஆண்களின் பந்தளவு உயரம் எழும்பாது, சுழற்சியும் குறைவு, அதே குழிக்கு இன்னும் நீளமான மட்டை எடுக்க வேண்டியிருக்கும். அதனால் கெட்டியான கிரீன் அவர்களை இரண்டு மடங்கு தண்டிக்கிறது. 2024 பெண்கள் யு.எஸ். ஓபனில், லான்காஸ்டரில், உலகின் முதல் இடத்தில் இருந்த நெல்லி கோர்டா முதல் நாளே பன்னிரண்டாவது குழியில், ஒரு பார்-3 குழியில், 10 அடித்தார். கிரீனுக்கு முன்னால் ஓடை, கிரீன் அதை நோக்கிச் சரிகிறது. ஒருவருக்கு நடந்தது என்று விட்டுவிடலாம். 2025-ல் டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவில் நடந்த பெண்கள் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் காற்றும் கெட்டித் தரையும் சேர்ந்து மூன்றே பேர் பாருக்குக் கீழே முடித்தார்கள், ஜெயித்த மின்ஜி லீ பாருக்கு 4 கீழே. ஆட்டம் நத்தை வேகத்தில் நகர்ந்தது, பார்க்கிறவர்களுக்கே பொறுமை போய்விட்டது. ஆண்கள் மைதானத்தைக் கொஞ்சம் சுருக்கிப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டால் சமம் ஆகிவிடும் என்ற நினைப்பு முதலில் போக வேண்டும்.

இவ்வளவும் ஏன் நடக்கிறது என்றால், பார் என்கிற எண்ணின் மேல் நிர்வாகிகளுக்கு இருக்கும் மோகம்தான் காரணம். 1973 யு.எஸ். ஓபனில், ஓக்மான்ட்டில், ஜானி மில்லர் கடைசி நாள் 63 அடித்து ஜெயித்தார். அடுத்த வருடம் விங்ட் ஃபுட்டில் ஹேல் அர்வின் பாருக்கு 7 மேலே ஜெயித்தார், மில்லரின் 63-க்குப் பழிவாங்கினார்கள் என்று பலரும் நம்பினார்கள். உலகின் சிறந்த ஆட்டக்காரர்களை அவமானப்படுத்தப் பார்க்கவில்லை, அவர்கள் யார் என்று அடையாளம் காணப் பார்க்கிறோம் என்று யு.எஸ்.ஜி.ஏ.யின் சாண்டி டேட்டம் அப்போது சொன்னது இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. நல்ல பேச்சு. ஆனால் அடையாளம் காண்பதற்கும் பார் எண்ணுக்கும் என்ன சம்பந்தம்? 2000-ல் பெபிள் பீச்சில் இரண்டாவது குழியை யு.எஸ். ஓபனுக்காக பார் 5-லிருந்து பார் 4 ஆக்கினார்கள். குழி அதே குழி, தூரமும் ஏறக்குறைய அதே தூரம், பெயர்ப்பலகை மட்டும் மாறியது. டைகர் வுட்ஸ் அந்த வாரம் எடுத்தது மொத்தம் 272 அடி, அதைப் பாருக்கு 12 கீழே என்று எழுதினாலும் 16 கீழே என்று எழுதினாலும் அவர் 15 அடி வித்தியாசத்தில் ஜெயித்தது மாறப்போவதில்லை.

பந்து இப்போது எவ்வளவு தூரம் பறக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது, அந்த அளவுக்கு நிர்வாகிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் 1980-ல் குழியின் முதல் அடியான டிரைவின் சராசரி 257 கெஜம், இப்போது 300 கெஜத்தைத் தொடுகிறது. மைதானத்தை நீட்டிக்கொண்டே போக நிலம் எங்கே? பந்தின் தூரத்துக்குக் கடிவாளம் போட யு.எஸ்.ஜி.ஏ.யும் தி ஓபனை நடத்தும் ஆர் அண்ட் ஏ.யும் 2023 டிசம்பரில்தான் புதிய சோதனை முறையை அறிவித்தார்கள், அதற்கே ஆட்டக்காரர்களும் தயாரிப்பாளர்களும் முகம் சுளித்தார்கள். பந்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டுவிட்டு எல்லாப் பாரத்தையும் புல் மேல் போட்டால் புல் என்ன செய்யும்?

சரி, செய்ய வேண்டியது என்ன. கிரிக்கெட்டில் ஆடுகளம் மோசமாக இருந்தால் மேட்ச் ரெஃப்ரி அதை மதிப்பிட்டு ஐ.சி.சி.க்கு அறிக்கை கொடுப்பார், மைதானத்துக்குக் குறைபாட்டுப் புள்ளி விழும், புள்ளிகள் சேர்ந்தால் கொஞ்ச காலம் அங்கே சர்வதேசப் போட்டியே நடத்த முடியாது. அந்த முறையிலும் ஆயிரம் சண்டை உண்டு, இருந்தாலும் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். கால்ஃபில் மைதானத்தைத் தயார் செய்வதும் போட்டியை நடத்துவதும் விதியை எழுதுவதும் பல சமயம் ஒரே அமைப்பு. தவறு நடந்தால் அவர்களே வருத்தம் தெரிவித்து அவர்களே மன்னித்துக்கொள்கிறார்கள். வெளியாள் ஒருவர் மேஜர் என்று சொல்லப்படும் பெரிய போட்டிகள் ஒவ்வொன்றுக்கும் பிறகு மைதானத்தை மதிப்பிட்டு அறிக்கை வெளியிட்டால் என்ன குறைந்துவிடும்? ஒவ்வொரு நாளும் ஆட்டம் தொடங்கும் முன் கிரீன் வேகம் எவ்வளவு, கொடி நட்ட இடத்தைச் சுற்றிச் சரிவு எவ்வளவு என்று வெளியே சொல்லட்டும். காற்று இவ்வளவுதான் வரும் என்று நம்பி கிரீனை விளிம்பு வரை கொண்டுபோகாமல், அதைவிடக் கூடுதலாக வீசினாலும் தாங்குகிற மாதிரி ஒரு படி உள்ளே நிறுத்தட்டும். காய்ந்த கிரீனுக்கு நடுவில் தண்ணீர் ஊற்றுவதை விட, ஈரமான கிரீனில் யாராவது ஒருவர் 63 அடித்துவிட்டுப் போவது எவ்வளவோ மேல்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மேஜர் போட்டிச் செய்தி போடும்போது முதல் பத்து பேரின் ஸ்கோரை மட்டும் போடாமல், அன்று காலையில் ஆடியவர்களின் சராசரி என்ன, மதியம் ஆடியவர்களின் சராசரி என்ன என்று ஒரு வரி சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் எந்த நேரத்தில் தொடங்கினார்கள், எவ்வளவு அடித்தார்கள் என்பதெல்லாம் பொதுவில் இருக்கிற தகவல்தான், உங்கள் நிருபருக்குக் கால் மணி நேர வேலை. இரண்டு எண்ணுக்கும் நடுவில் நான்கைந்து அடி வித்தியாசம் இருந்தால், அன்றைக்கு யார் திறமைசாலி என்று எழுதும் முன் யாருக்கு எந்த நேரம் கிடைத்தது என்று முதலில் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்